கண் கண்டதும் காணாததும்

சில ஆண்டுகளுக்கு முன், சான் பிரான்சிஸ்கோவில் பணிபுரியும் மகளுடன் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைக் காணச் சென்றிருந்தேன். வானுயர நிற்கும் கருங்கல் சுவர்களையும் அருவிகளையும் பார்க்கத்தான் எல்லோரும் அங்கு வருகிறார்கள். எனக்கு என்னவோ அச்சுவர்களின் காலடியில் கிடந்த கற்குவியலின் மீதே கண் போயிற்று. மலையிலிருந்து உடைந்து விழுந்த பாறைகள், கூடை அளவிலிருந்து வீடு அளவு வரை, ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்கின்றன. நிலவியலார் இதனை டேலஸ் என்பர். தமிழில் கற்சரிவு என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஓர் ஐம்பது அடியாவது ஏறிப் பார்ப்போமே என்ற ஆசையில் கால் வைத்தேன். பத்தாவது கல்லோ பதினைந்தாவது கல்லோ, நான் மிதித்ததும் மெல்லச் சாய்ந்தது. அவ்வளவு பெரிய பாறை என் எடைக்கு அசையும் என்று நான் நினைக்கவில்லை. கற்சரிவில் நடப்பதென்பது ஒவ்வோர் அடியிலும் அடுத்த கல்லை நம்பலாமா, கூடாதா என்று முடிவுசெய்துகொண்டே போவது. என் முடிவு தவறிவிட்டது. மகள் கைகொடுத்து இறக்கிவிட்டாள். கணுக்கால் வீங்கி, இரண்டு நாள் விடுதி அறையைவிட்டு வெளியே வர இயலவில்லை.

அந்த இரண்டு நாளில் படித்தவைதாம் ஜான் மியூரின் நூல்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் தந்தை என்று பொது அறிவுப் புத்தகங்களில் ஒரு வரியாக மட்டுமே அவரை அறிந்திருந்தேன். என்னை வீழ்த்திய அதே வகைக் கற்களின்மீது ஓடிக் குதித்து உச்சிகளை எட்டியவர் என்பதும், அக்கற்களை ஒரு நூலைப்போல் வாசித்தவர் என்பதும் அப்போதுதான் தெரிந்தன. அவர் எதை வாசிக்கத் தவறினார் என்பதும் பின்னர் தெரிந்தது.

மியூர் 1838ஆம் ஆண்டு ஏப்ரல் 21 அன்று ஸ்காட்லாந்தின் கடற்கரை ஊரான டன்பாரில் பிறந்தார். 1849இல் குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, காட்டைத் திருத்தி விவசாயம் செய்யத் தொடங்கியது. தந்தை டேனியல் மியூர் கடுமையான சமயப் பற்றாளர். புதிய ஏற்பாடு முழுவதையும் பழைய ஏற்பாட்டில் பெரும்பகுதியையும் மகன் மனப்பாடம் செய்திருந்தார் என்றால், அதற்குப் பின்னால் இருந்தது பக்தியைவிடப் பிரம்படி என்றே சொல்ல வேண்டும்.

குடும்பத்தின் இரண்டாவது பண்ணையில் கிணறு வெட்ட வேண்டியிருந்தது. மண்ணுக்குக் கீழே மணற்பாறை. இளைஞரான ஜானைத் தந்தை தினமும் காலையில் வாளியில் வைத்து உள்ளே இறக்குவார். உளியும் சுத்தியுமாக மாதக்கணக்கில் தனியே கொத்திக் கொத்தி 90 அடி ஆழத்துக்கு இறங்கினார் ஜான். ஏறத்தாழ 80 அடியில் ஒருநாள் தேங்கியிருந்த விஷவாயு அவரை மயக்கமுறச் செய்தது. நினைவு தப்பும் நேரத்தில் வாளிக்குள் ஏறி உயிர்தப்பினார். கிணற்றில் இறங்கியவர்கள் மூச்சுத் திணறி இறந்த செய்தியை இன்றும் நம் நாளிதழ்களில் படிக்கிறோம். ஆகவே இந்த நிகழ்ச்சியின் கொடுமை நமக்கு எளிதில் விளங்கும். ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் தந்தை அவரை மீண்டும் அதே கிணற்றில் இறக்கினார். பாறையோடு மியூருக்கு ஏற்பட்ட முதல் பழக்கம் இதுதான்.

மரத்தாலேயே கடிகாரங்கள் செய்யும் திறமை அவருக்கு இருந்தது. விடியற்காலையில் தூங்குபவரை எழுப்பி நிற்கவைக்கும் கட்டில் ஒன்றையும் செய்தார். 1860இல் மாடிசன் நகரப் பொருட்காட்சியில் அவை பாராட்டுப் பெற்றன. அந்நகரப் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் தாவரவியலும் நிலவியலும் பயின்று, பட்டம் பெறாமலே வெளியேறினார். தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கேயே இருந்திருந்தால் நல்ல இயந்திரப் பொறியாளராகச் செல்வந்தராகியிருப்பார். அவர் வாழ்வைத் திருப்பியது ஒரு விபத்து.

1867 மார்ச்சில், இண்டியானாபொலிஸ் நகரின் வண்டி உறுப்புத் தொழிற்சாலையில், இயந்திரப் பட்டை ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த அரம் நழுவி வலக்கண்ணைத் துளைத்தது. கண்ணின் நீர் உள்ளங்கையில் வடிந்தது. சிறிது நேரத்தில் அந்தக் கண் இருண்டது. அதிர்ச்சியின் விளைவாக இடக்கண்ணும் பார்வை இழந்தது. இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்திருந்தார். தெரிந்தவர்களின் குழந்தைகள் வந்து கதைகள் படித்துக் காட்டினார்கள். பார்வை மெல்லத் திரும்பியது. திரும்பிய பார்வையை இயந்திரங்களுக்குச் செலவிடப் போவதில்லை என்று அந்த இருட்டிலேயே அவர் முடிவுசெய்திருந்தார்.

அவ்வாண்டு செப்டம்பரில் கென்டக்கியிலிருந்து நடக்கத் தொடங்கியவர், ஏறத்தாழ ஆயிரம் மைல் கடந்து புளோரிடாவின் கடற்கரையை அடைந்தார். கையிலிருந்த குறிப்பேட்டில் தம் முகவரியாக ஊர்ப் பெயர் எதையும் எழுதாமல், பூமியையும் பிரபஞ்சத்தையுமே குறித்திருந்தார். அங்கே மலேரியா அவரைச் சாய்த்தது. தேறியபின் கியூபா, நியூயார்க், பனாமா என்று சுற்றி, 1868 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் கால் வைத்தார். நகரில் தங்காமல் உடனே கிழக்கு நோக்கி நடந்தார். அங்கேதான் சியரா நெவாடா மலைத்தொடர் இருந்தது.

அடுத்த ஆண்டுக் கோடையில் ஏறத்தாழ 2,000 ஆடுகள் கொண்ட மந்தையுடன் மலைமேல் செல்லும் வேலை கிடைத்தது. மேய்ப்பவர் வேறு ஒருவர். மந்தை ஒழுங்காகப் போகிறதா என்று மேற்பார்வையிடுவதே மியூரின் பொறுப்பு. எஞ்சிய நேரமெல்லாம் அவருடையது. செடிகளைச் சேகரித்தார். படம் வரைந்தார். ஆடுகள் புல்வெளிகளை வெட்டுக்கிளிகளைப்போல் மொட்டையடிப்பதைக் கண்டு வருந்தினார். செப்டம்பர் மாதம் கதீட்ரல் சிகரத்தின் கூர்முனைக்குக் கயிறின்றித் தனியே ஏறி நின்றார். அந்த உச்சியை அவருக்கு முன் எட்டியதாக எவர் பதிவும் இல்லை.

போகிற இடமெல்லாம் கருங்கற்பாறைகள் பளிங்குபோல் வழுவழுப்பாக மெருகேறியிருப்பதையும், அம்மெருகின்மேல் ஒரே திசையில் கீறல்கள் ஓடுவதையும் அவர் கண்டார். மேட்டு நிலங்களில் சம்பந்தமில்லாத பாறைகள் தனித்தனியே உட்கார்ந்திருந்தன. பழங்காலத்தில் இங்கே பெரும் பனியாறுகள் மெல்ல நகர்ந்து, கற்களைச் சுமந்து, அடியிலிருந்த பாறையைத் தேய்த்துப் பள்ளத்தாக்கைச் செதுக்கியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

அக்காலத்தில் இதை ஏற்க ஆள் இல்லை. கலிபோர்னியாவின் அரசு நிலவியலாளர் ஜோசையா விட்னி, ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர், பெரும் அறிஞர். பூமி அதிர்ச்சியில் தரைப்பகுதி அப்படியே கீழே இறங்கியதால் உண்டானதே யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு என்பது அவர் கருத்து. பள்ளத்தாக்கில் மரம் அறுக்கும் ஆலையில் கூலிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மறுப்புச் சொன்னதும், படிப்பறிவில்லாத ஆட்டிடையன் என்று இகழ்ந்து ஒதுக்கினார். 1870இல் மியூரோடு மலையில் நடந்து பார்த்த கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் லெகாண்ட் மட்டும், இவர் சொல்வதில் பெருமளவு உண்மை இருக்கிறது என்றார். இருவரில் ஒருவர் நடந்து பார்த்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1872 மார்ச் 26, பின்னிரவு இரண்டரை மணியளவில் பள்ளத்தாக்கு குலுங்கியது. கிழக்கே ஓவன்ஸ் பள்ளத்தாக்கை மையமாகக் கொண்ட பெரும் பூகம்பம் அது. அங்கே லோன் பைன் என்ற சிற்றூரில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். யோசெமிட்டியில் மியூர் குடிலைவிட்டு ஓடிவந்து பெரிய பைன் மரம் ஒன்றின் பின்னால் நின்றார். நிலவொளியில், தெற்குச் சுவரின் ஒரு பெரும் பாறை ஆயிரமாயிரம் துண்டுகளாகச் சிதறிக் கீழே பாய்ந்தது. உராய்வினால் எழுந்த தீப்பொறிகள் வில்போல் வளைந்து வந்தன என்று அவர் பதிவு செய்திருக்கிறார். மற்றவர்கள் பள்ளத்தாக்கைவிட்டு எப்படி வெளியேறுவது என்று பதறிய நேரத்தில், அவர் அந்தப் புதிய கற்சரிவை நோக்கி ஓடினார். கற்கள் இன்னும் உரசி முனகிக்கொண்டிருக்க, நசுங்கிய மரங்களின் மணம் காற்றில் நிறைந்திருக்க, அதன்மேல் ஏறினார்.

எனக்கு இவர் வாழ்வில் மிகவும் பிடித்த இடம் இது. மலையடிவாரங்களில் இருந்த பழைய கற்சரிவுகளை அவர் ஏற்கெனவே பார்த்துக் குழம்பியிருந்தார். கற்கள் நாள்தோறும் ஒன்றிரண்டாக விழுந்து சேர்ந்தவையென்றால், புதிய கற்களும் பழைய கற்களும் கலந்து கிடக்க வேண்டும். ஆனால் பல சரிவுகளில் எல்லாக் கற்களின்மீதும் ஒரே வயதுடைய பாசியும், இடையிடையே ஒரே காலத்தில் முளைத்த மரங்களும் இருந்தன. விடை அந்த இரவில் கிடைத்தது. பின்னதிர்வுகளை அறிய ஒரு வாளி நீரை மேசைமீது வைத்து மாதக்கணக்கில் கவனித்துக்கொண்டிருந்தார். பள்ளத்தாக்கின் தரை புதையப் போகிறது, விட்னி சொன்னதே சரி என்று அஞ்சி ஊரார் சிலர் வெளியேறினர், தரை புதையவில்லை.

பூகம்பம் ஒன்றினாலேயே கற்சரிவுகள் உருவாகின என்று அவர் கொண்டது மிகைதான். உறைபனி விரிசலில் புகுந்து பிளப்பதாலும், மழையாலும், பாறை அடுக்கடுக்காக உரிவதாலும் கற்கள் விழுகின்றன என்று இன்று அறிவோம். பனியாறுகளைப் பற்றியும் அவர் மிகைப்படுத்தினார். ஆறுகள் முதலில் அறுத்த பள்ளத்தைத்தான் பனியாறுகள் பலமுறை வந்து அகலப்படுத்தின என்பது பிற்கால ஆய்வின் முடிவு. ஆயினும் அடிப்படைக் கேள்வியில் வென்றவர் பேராசிரியர் அல்லர், ஆட்டிடையரே.

அவ்வாண்டு ஆகஸ்டில் இன்னொரு காரியம் செய்தார். மலையுச்சிகளின் நிழலில் கிடந்தவை வெறும் பழம்பனித் திட்டுகள் என்றே எல்லோரும் கருதினர். மியூர் மக்ளூர் சிகரத்தின் பனிமீது ஐந்து மரக்குச்சிகளை நட்டார். 46 நாள் கழித்துப் போய் அளந்தார். நடுவில் இருந்த குச்சி 47 அங்குலம் நகர்ந்திருந்தது. நாளுக்கு ஓர் அங்குலம். சியராவில் உயிருள்ள பனியாறு உண்டு என்பதற்கு ஐந்து குச்சிகளே சான்றாயின.

குச்சிகளை அளந்த சில நாள்களில்தான் ரிட்டர் சிகரப் பயணம் நிகழ்ந்தது. வில்லியம் கீத் உள்ளிட்ட ஓவியர்கள் நல்ல மலைக்காட்சி வேண்டும் என்று கேட்டு வந்திருந்தனர். டுவாலமி ஆற்றின் தலைப்பகுதிக்கு அவர்களை அழைத்துச் சென்று, அவர்கள் தீட்டத் தொடங்கியதும், தாம் மட்டும் ரிட்டரை நோக்கிப் புறப்பட்டார். 13,000 அடிக்கும் மேல் உயர்ந்த அந்தச் சிகரத்தில் அதுவரை எவரும் ஏறியதாகப் பதிவில்லை. அக்டோபர் மாதம், எந்நேரமும் பனிப்புயல் வரலாம். அவரிடம் போர்வை இல்லை, கயிறு இல்லை. சிறிது ரொட்டியும் தேயிலையும் ஒரு தகரக் குவளையுமே இருந்தன.

முதல் இரவு, மரங்கள் வளரக்கூடிய உயரத்தின் கடைசி எல்லையில், காற்றால் குறுகிப் பின்னிக்கொண்ட குட்டைப் பைன்களின் நடுவே படுத்தார். படுத்தார் என்று சொல்வதுகூட மிகை. குளிர் தாங்காமல் அடிக்கடி எழுந்து தீ மூட்டித் தேநீர் வைத்துக் குடித்தார். விடிந்ததும் ஒரு ரொட்டித் துண்டை இடைவாரில் கட்டிக்கொண்டு நடந்தார். கணவாய்களையும் உறைந்த ஏரிகளையும் கடந்து, ரிட்டருக்கும் அதன் அண்டைச் சிகரத்துக்கும் இடையே கிடந்த பனியாற்றின்மீது ஏறி, உடைகற்கள் அடைத்த ஒரு குறுகிய இடுக்கின் வழியே மேலே போனார்.

உச்சிக்குச் சில நூறு அடி இருக்கையில் செங்குத்துப் பாறை ஒன்று வழியை மறித்தது. வந்த வழியே இறங்குவது அதைவிட ஆபத்து என்று தோன்றியதால் ஏறத் தொடங்கினார். பாதி உயரத்தில் அகப்பட்டுக்கொண்டார். கைகளை விரித்துப் பாறையோடு ஒட்டி நின்ற நிலையில், மேலேயும் செல்ல முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. விழப் போவது உறுதி என்று மனம் சொன்னது. தலைக்குள் புகை சூழ்ந்தது போன்ற மயக்கம் வந்தது. அது ஒரு கணம்தான். பிறகு தம்முள் வேறொருவர் வந்து பொறுப்பேற்றதைப்போல் உடல் அமைதியடைந்ததாக அவர் பின்னர் எழுதினார். நடுக்கம் நின்றது. பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் உருப்பெருக்கியின் வழியே பார்ப்பதுபோல் தெளிவாகத் தெரிந்தது. கால்கள் தாமே பிடிப்புகளைக் கண்டு ஏறின.

அரத்தால் துளைபட்ட ஒரு கண் அதையெல்லாம் பார்த்தது என்பதை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது.

உச்சியில் மாலைவரை இருந்தார். கிழக்கே மோனோ ஏரி. நான்கு திசையிலும் பனியாறுகள் செதுக்கிய சிகரங்கள். இறங்கும்போது இருட்டிவிட்டது. நெருப்பிட்ட இடத்துக்குக் களைத்துத் திரும்பி உறங்கினார். இவருக்கு என்ன ஆயிற்றோ என்று கவலையில் இருந்த ஓவியர்களிடம் மறுநாள் வந்து சேர்ந்தார்.

அடுத்த ஆண்டில் நடந்ததைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அமெரிக்காவில் அலாஸ்கா நீங்கலாக மிக உயர்ந்த சிகரம் சியராவில் உள்ளது. அதற்கு விட்னியின் பெயரையே சூட்டியிருந்தனர். அவருடைய குழுவைச் சேர்ந்த கிளாரன்ஸ் கிங் 1871இல் அதில் ஏறியதாக அறிவித்தார். ஏறியது பக்கத்து மலை என்று பின்னர் தெரிந்தது. 1873 ஆகஸ்டில் முதலில் உச்சியை எட்டியவர்கள் லோன் பைனிலிருந்து மீன்பிடிக்கச் சென்ற மூவர். அக்டோபரில் மியூரும் முதலில் தவறான மலையில்தான் ஏறினார். உச்சியருகே ஓர் இரவு முழுவதும், உறைந்துபோகாமலிருக்க ஆடிக்கொண்டே கழித்தார். கீழே இறங்கி வந்து, சிலநாள் இளைப்பாறி, எவரும் முயலாத கிழக்குப்பக்கக் கற்சரிவின் வழியே நேராக ஏறி விட்னி சிகரத்தில் நின்றார். இன்றும் மலையேறுவோர் அவ்வழியைப் பயன்படுத்துகின்றனர். தம்மை ஆட்டிடையன் என்றவரின் பெயர் தாங்கிய சிகரத்தில் அவர் என்ன நினைத்தாரோ.

இத்துணிவு சில சமயம் அறிவீனத்தைத் தொட்டது என்றும் சொல்ல வேண்டும். 1875 ஏப்ரல் இறுதியில் ஷாஸ்தா சிகரத்தில் காற்றழுத்த அளவீட்டுக்காக ஏறியபோது, புயல் வருவது தெரிந்தும் கடைசி அளவீடு முடியட்டும் என்று காத்திருந்தார். மேலங்கிகூட இல்லை. அவரும் உடன்வந்த ஜெரோம் ஃபேயும் அந்த எரிமலையின் வெந்நீர்ச் சேற்றில் இரவெல்லாம் படுத்துக் கிடந்தனர். முதுகு வெந்தது, மார்பு உறைந்தது. இருவரும் பிழைத்தது அதிர்ஷ்டம். தம் உயிரோடு விளையாடுவது ஒருவர் உரிமை. கூட வந்தவருடைய உயிர் அப்படியல்ல.

பின்னாள் வாழ்க்கையை விரைந்து சொல்லிவிடலாம். 1880இல் லூயி ஸ்ட்ரென்ட்செலை மணந்தார். இரண்டு பெண்கள் பிறந்தனர். மார்ட்டினெஸ் என்ற ஊரில் மாமனாரின் பழத்தோட்டத்தைத் திறம்பட நடத்திப் பொருளீட்டினார். தோட்டத்தில் அவர் வாடுவதைக் கண்டு, மலைக்குப் போகும்படி வற்புறுத்தியவர் மனைவியே. மியூரின் கட்டுரைகள் 1890இல் யோசெமிட்டித் தேசியப் பூங்கா அமையப் பெருங்காரணமாயின. 1892இல் சியரா கிளப்பின் முதல் தலைவரானார். 1903 மே மாதம் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் மூன்று இரவுகள் அவருடன் காட்டில் தங்கினார். ஓர் இரவு அவர்கள்மேல் பனி பொழிந்தது. அந்த ஆண்டே உலகப் பயணம் தொடங்கி, இந்தியாவுக்கும் வந்து இமயத்தின் தேவதாரு மரங்களைக் கண்டு திரும்பினார்.

இவ்வளவும் படித்தபின் எனக்கு ஏற்பட்ட மதிப்பு பெரிது. ஆனால் 1869ஆம் ஆண்டுக் குறிப்புகளில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். அவர் மோனோ கணவாயைக் கடந்து கீழே இறங்கும்போது, எதிரே ஒரு பூர்வகுடிக் கூட்டம் வருகிறது. ஓக் மரக் கொட்டைகள் சேகரிக்க யோசெமிட்டிக்குப் போகிறவர்கள். அவர்களை அழுக்கானவர்கள் என்று எழுதுகிறார். அந்தத் தூய மலைக்குப் பொருந்தாதவர்கள் என்று எண்ணுகிறார். அவர்கள் விலகிப் போனதும் நிம்மதியடைகிறார்.

அந்தக் கணவாய்ப் பாதை யாருடையது? கிழக்கே கிடைத்த எரிமலைக் கண்ணாடிக் கல்லையும் மேற்கே விளைந்த ஓக் கொட்டைகளையும் மாற்றிக்கொள்ளத் தலைமுறை தலைமுறையாக அம்மக்கள் நடந்து நடந்து உண்டாக்கியது. யோசெமிட்டியில் வாழ்ந்த அவானீச்சி மக்களை 1851இல் ஆயுதமேந்திய படை வந்து விரட்டியது. அவர்களின் தலைவர் டெனாயாவின் கூட்டத்தைப் பிடித்த இடத்தில் உள்ள ஏரிக்கு, பிடித்தவர்களே டெனாயா ஏரி என்று பெயரிட்டனர். மியூர் அந்த ஏரியைக் கண்டது அதற்குப் பதினெட்டே ஆண்டுகள் கழித்து. மனிதக் கைபடாத தோட்டம் என்று அவர் வியந்த பள்ளத்தாக்குப் புல்வெளிகள்கூட, அம்மக்கள் காலந்தோறும் திட்டமிட்டுத் தீயிட்டுப் பேணியதால் திறந்த வெளிகளாக இருந்தவை. அவர்கள் போனபின் மரங்கள் அடர்ந்து புல்வெளி சுருங்கத் தொடங்கியது.

கல்லின்மேல் இருந்த கீறலைக் கண்டு பல்லாயிரம் ஆண்டுக்கு முன் போன பனியின் திசையைச் சொன்னவர் அவர். பாசியின் வயதைக் கொண்டு பூகம்பத்தை ஊகித்தவர். தம் காலடியில் இருந்த ஒற்றையடிப் பாதையை யார் போட்டது என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. காலத்தின் குறை என்று சிலர் சமாதானம் சொல்வர். எனக்கு அது போதவில்லை. மற்றெல்லாவற்றிலும் தம் காலத்தை மீறியவருக்கு இதில் மட்டும் ஏன் சலுகை? பின்னாளில் அலாஸ்காவில் டிலிங்கிட் மக்கள் படகோட்டி அவரைப் பனியாறுகளிடையே அழைத்துச் சென்றபோது, அவர் எழுத்தின் தொனி மாறியது உண்மை. 1869இன் குறிப்புகள் நூலாக வந்தது 1911இல். அந்த வரிகளை நீக்கவோ மாற்றவோ அவருக்கு நாற்பது ஆண்டுகள் இருந்தன. 2020இல் சியரா கிளப்பே தன் முதல் தலைவரின் இத்தகைய சொற்களுக்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது.

அவருடைய கடைசிப் போராட்டம் தோல்வியில் முடிந்தது. யோசெமிட்டிப் பூங்காவுக்குள்ளேயே இருந்த ஹெட்ச் ஹெட்சி என்ற இன்னொரு பள்ளத்தாக்கில் அணை கட்டிச் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிநீர் கொண்டுபோகத் திட்டம் வந்தது. ஆண்டுக்கணக்கில் எதிர்த்து எழுதினார். 1913 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. மகள் வீட்டுக் குழாயில் நான் குடித்த நீர் அந்த அணையிலிருந்து வருவதுதான் என்று பின்னர் அறிந்தேன். நல்ல நீர். அதைக் குடித்துக்கொண்டே மியூரின் பக்கம் முழுவதுமாக நின்று பேச எனக்கு வாய் வரவில்லை.

சட்டம் வந்து ஓராண்டில், 1914 டிசம்பர் 24 அன்று, லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனையில் நிமோனியாவால் இறந்தார். பாலைவனத்தில் வசித்த இளைய மகளைப் பார்க்கப் போன இடத்தில் வந்த நோய். அலாஸ்காவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நூலின் தாள்கள் உடனிருந்தன.

அவர் குச்சி நட்ட மக்ளூர் பனியாற்றிலும், அதற்குப் பக்கத்து லயல் பனியாற்றிலும் 2012ஆம் ஆண்டு பூங்காவின் ஆய்வாளர்கள் அதே முறையில் மீண்டும் குச்சிகளை நட்டு அளந்தனர். மக்ளூர் பெரிதும் மெலிந்துவிட்டது. ஆனாலும் மியூர் கண்டபடியே அப்போதும் நாளுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் நகர்ந்தது. லயலில் நட்ட குச்சிகள் வைத்த இடத்திலேயே நின்றன.